கம்ப்யூட்டர் கண் பரிசோதனை மட்டும் போதுமா?

நாற்பது வயதைக் கடந்த மளிகை வியாபாரி எவருக்கும் ஒரு நாள் இந்தச் சங்கடம் வந்தே தீரும். பாக்கெட்டில் அச்சிட்ட காலாவதித் தேதி தெரியாது. கடன் நோட்டைக் கையை நீட்டி எட்டப் பிடித்துத்தான் படிக்க முடியும். சிட்டையில் இருப்பது 3-ஆ, 8-ஆ என்று கடைப் பையனைக் கேட்க வேண்டி வரும். நம்மில் பெரும்பாலோர் இதற்குச் செய்யும் வைத்தியம் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை புதுச்சேரிக்குப் போனால் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் ஒரு ரெடிமேட் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொள்கிறோம். கொஞ்சம் விவரமானவர்கள் கண்ணாடிக் கடைக்குப் போகிறார்கள். அங்கே 'இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்று போர்டு தொங்குகிறது. மோவாயை மெஷினில் வைத்து உள்ளே தெரியும் படத்தைப் பார்த்தால் இரண்டு நிமிடத்தில் சீட்டு வந்துவிடுகிறது. கண்ணாடி தயார், எழுத்தும் பளிச்சென்று தெரிகிறது. கண் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்துக் கல்லாவுக்குத் திரும்பி விடுகிறோம்.

இது போதாது என்பதே நம் கருத்து. அந்த மெஷின் சொல்வது கண்ணாடியின் பவரை மட்டும்தான். கண்ணின் உள்ளே அழுத்தம் எவ்வளவு, பார்வை நரம்பு நலமாக இருக்கிறதா என்ற இரண்டையும் அது பார்ப்பதில்லை. அவற்றைப் பார்க்காமல் விட்டால் வரக்கூடிய நஷ்டம் கிளாகோமா என்கிற கண் அழுத்த நோய்.

கண்ணுக்குள்ளே ஒருவகை நீர் ஓயாமல் சுரந்து, ஓயாமல் வடிந்துகொண்டிருக்கிறது. கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் சரியாக வேலை செய்யாவிட்டால் உள்ளே அழுத்தம் கூடும். கூடிய அழுத்தம் கண்ணையும் மூளையையும் இணைக்கும் நரம்பை நாளடைவில் அரித்துவிடுகிறது. வலி கிடையாது, சிவப்பு கிடையாது, எழுத்தும் கடைசி வரை தெரியும். முதலில் போவது நேர்ப் பார்வைக்குச் சற்றுத் தள்ளியும் ஓரங்களிலும் உள்ள பார்வை. அங்கே கறுப்பாக எதுவும் தெரியாது. தெரியாத இடத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஒரு கண் விட்டதை மறு கண் சரிக்கட்டிவிடும். முன்னால் அடுக்கிய சரக்கு அடுக்கியபடியே இருக்க, பின்பக்கக் கிடங்கில் எலி மூட்டையைக் காலி செய்வது போன்ற கதைதான் இது. வில்லியனூர் சாலையில் பக்கத்தில் வந்த சைக்கிள் தெரியாமல் ஸ்கூட்டர் இடிக்கும்போதோ, கிடங்குப் படியில் கால் தவறும்போதோதான் ஏதோ கோளாறு என்று தோன்றும். அதற்குள் நரம்பில் பெரும் பகுதி போயிருக்கும்.

புரைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நம்மவர்கள் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். புரையில் போன பார்வை ஆபரேஷன் செய்தால் பெரும்பாலும் திரும்பி வரும். புரை முற்றட்டும், அறுவடை முடியட்டும், பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டுப் பழகியவர்கள் நாம். கிளாகோமாவில் அந்தக் கணக்கு செல்லாது. இதில் போன பார்வை போனதுதான். இருப்பதைக் காப்பாற்ற மட்டுமே மருந்து உண்டு.

இது பட்டணத்துப் பணக்கார நோய் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. சென்னைக்கு அடுத்த திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களில் சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் நாற்பது வயதுக்கு மேற்பட்ட 3,924 பேரைப் பரிசோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 64 பேருக்கு, அதாவது 1.62 சதவீதம் பேருக்கு, சத்தமில்லாமல் வரும் வகைக் கிளாகோமா இருந்தது. அந்த 64 பேரில் தனக்கு இந்த நோய் உண்டு என்று முன்பே தெரிந்து வைத்திருந்தவர் ஒரே ஒருவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையினர் தென் மாவட்டங்கள் மூன்றில் 5,150 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வும் இதே கதையைத்தான் சொல்கிறது. எல்லா வகைக் கிளாகோமாவும் சேர்ந்து 2.6 சதவீதம். சத்தமில்லாத வகை இருந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, கண்டுபிடித்த அன்றே ஒரு கண்ணாவது பார்வை இழந்திருந்தது. நம் கொம்யூன்களின் கிராமங்கள் அந்தக் கிராமங்களிலிருந்து வெகுவாக மாறுபட்டவை என்று நினைக்க நமக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. வில்லியனூர், பாகூர் இரண்டிலும் கடை வைத்திருக்கும் நாற்பது வயதுக்காரர்களை எண்ணிப் பார்த்து, இந்தக் கணக்கை அவரவரே போட்டுக்கொள்ளலாம்.

இனி, முறையான பரிசோதனை என்றால் என்ன என்று பார்ப்போம். கண்ணாடிக் கடையிலோ கண் ஆஸ்பத்திரியிலோ முதலில் நம்மைப் பார்ப்பவர் பெரும்பாலும் டாக்டர் அல்ல, ஆப்டோமெட்ரிஸ்ட். இதற்கென்றே நான்கு வருடப் பட்டப் படிப்பு இருக்கிறது. சென்னையில் சங்கர நேத்ராலயா 1985-இல் தொடங்கிய எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி அதற்குப் பேர் போனது. இரண்டு வருடம் டிப்ளமோ படித்தவர்களும் உண்டு. படிப்பு எதுவும் இல்லாமல் அனுபவத்தில் பவர் பார்ப்பவர்களும் உண்டு. யார் எந்த வகை என்று கேட்பதில் தவறில்லை. தராசுக்கு முத்திரை இருக்கிறதா என்று வாடிக்கையாளர் நம்மைக் கேட்பதில்லையா? 2021-இல் மத்திய அரசு கொண்டு வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தில் ஆப்டோமெட்ரியும் சேர்க்கப்பட்டிருக்கிறது.

படித்த ஆப்டோமெட்ரிஸ்ட் கண்ணைப் பார்க்கும் முன் கேள்வி கேட்பார். அப்பா அம்மாவுக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ கண் அழுத்த நோய் உண்டா, சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டா, கண்ணில் அடி பட்டதுண்டா, மூச்சிரைப்புக்கோ தோல் வியாதிக்கோ நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்டதுண்டா என்று கேட்பார். பொழுது போகவில்லை என்று அவர் கேட்பதாக நினைக்க வேண்டாம். பெற்றோர், உடன்பிறந்தவர்களில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் மற்றவர்களுக்கு வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். பிறகு டார்ச்சை இரு கண்ணுக்கும் மாற்றி மாற்றிக் காட்டி, கண் பாப்பா இரண்டும் ஒரே மாதிரி சுருங்குகிறதா என்று பார்ப்பார். ஒன்று சோம்பினால் அந்தப் பக்க நரம்பின் மேல் சந்தேகம். அடுத்தது அழுத்தம். கண்ணில் காற்றைப் புஸ்ஸென்று அடித்து அளப்பது ஒரு வழி. மரத்துப்போகும் சொட்டு விட்டு, கருவிழியில் ஒரு சிறு முனையைத் தொட வைத்து அளப்பது இன்னும் துல்லியமான வழி. 10 முதல் 21 வரை பொதுவாகச் சரி என்பார்கள்.

இந்த எண்ணை மட்டும் நம்பியும் இருந்துவிட முடியாது. மேலே சொன்ன கிராம ஆய்வில் நோய் கண்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அன்று அளந்த அழுத்தம் சரியான அளவுக்குள்தான் இருந்தது. அழுத்தம் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும். கருவிழி மெலிந்தவருக்கு உண்மையை விடக் குறைத்தே காட்டும். ஆகவே நரம்பை நேரில் பார்ப்பதுதான் முக்கியம். கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்ப் என்ற கருவியில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் நரம்பு வட்டமாகத் தெரியும். அதன் நடுவில் சிறிய குழி ஒன்று இயற்கையாகவே இருக்கும். அந்தக் குழி அகன்றிருந்தாலோ, இரு கண்ணிலும் வெவ்வேறு அளவில் இருந்தாலோ சந்தேகம் வரும். சந்தேகப்பட்டால் பார்வைப் பரப்பு பரிசோதனை. கிண்ணம் போன்ற மெஷினுக்குள் நடுப்புள்ளியையே பார்த்துக்கொண்டு, ஓரத்தில் வெளிச்சம் மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்த வேண்டும். முதல் தடவை பலரும் சொதப்புவார்கள், இரண்டாம் தடவை செய்யச் சொன்னால் சலித்துக்கொள்ளக் கூடாது. ஓ.சி.டி. என்ற ஸ்கேனில் நரம்பின் கனத்தையும் அளந்துவிடலாம்.

வடிகால் வழி குறுகலாக இருக்கும் இன்னொரு வகை கிளாகோமாவும் உண்டு. இது சில சமயம் சத்தம் போட்டுக்கொண்டே வரும். திடீரென்று கண் சிவந்து, தலை வெடிப்பது போல வலித்து, வாந்தி எடுக்கும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். ஒற்றைத் தலைவலி, பித்தம் என்று சொல்லி மாத்திரை போட்டுப் படுத்துக்கொண்டால் ஓரிரு நாளில் கண் போய்விடும். அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சந்தேகம் என்று தெரிந்ததும் நம் நாட்டில் ஆப்டோமெட்ரிஸ்ட் நோயாளியைக் கண் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நோயை உறுதி செய்வதும், மருந்து எழுதுவதும், லேசரா ஆபரேஷனா என்று முடிவு செய்வதும் டாக்டரின் வேலை. அமெரிக்காவில் ஆப்டோமெட்ரிஸ்டே கிளாகோமாவுக்குச் சொட்டு எழுதலாம். கடைசியாக மசாசூசெட்ஸ் மாநிலம் 2021-இல் அதற்குச் சட்டம் செய்தது. நம் ஊரிலும் அப்படி வர வேண்டுமா என்ற வழக்கில் நாம் தலையிடப் போவதில்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் இன்று வேண்டியது மூன்று காரியம். கண்ணாடிக்கு வருபவரின் நரம்பையும் ஒருவர் பார்க்க வேண்டும், சந்தேகமானால் அனுப்ப வேண்டும், அனுப்பியவர் போனாரா, மருந்தை விடாமல் போடுகிறாரா என்று கேட்க வேண்டும். இதில் மூன்றாவதுதான் அடியோடு நடக்கவில்லை என்பது நம் மனக்குறை.

ஏனெனில் இந்த நோயைச் சமாளிப்பது தினசரிக் காரியம். பெரும்பாலோருக்கு முதல் வைத்தியம் சொட்டு மருந்து. இரவில் ஒரு சொட்டு மட்டும் போடும் மருந்தும் உண்டு, காலையும் மாலையும் போடும் டிமோலால் போன்ற விலை குறைந்த மருந்தும் உண்டு. போட்டால் பார்வை கூடுவது தெரியாது, விட்டால் குறைவதும் உடனே தெரியாது. பலன் கண்ணில் தெரியாத சரக்கை எந்த வியாபாரி தொடர்ந்து வாங்குவான்? இரண்டு பாட்டில் தீர்ந்ததும் நின்றுவிடுகிறார்கள். தொடர்ந்து போடுகிறவர்களிலும் முறை தெரியாதவர்கள் அதிகம். ஒரு சொட்டுதான் கண் தாங்கும், மற்றது கன்னத்தில் வழியும் காசு. விட்ட பிறகு கண்ணை மூடி, மூக்கோரக் கண் முனையை இரண்டு நிமிடம் விரலால் அழுத்திக்கொள்ள வேண்டும். இரண்டு மருந்து என்றால் நடுவே ஐந்து நிமிடமாவது இடைவெளி வேண்டும். திறந்த பாட்டிலைப் பொதுவாக ஒரு மாதத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. திறந்த தேதியை லேபிளில் எழுதி வைப்பது, சரக்குக்குக் காலாவதி பார்த்துப் பழகிய நமக்குக் கஷ்டமான காரியமா என்ன? ஆஸ்துமா உள்ளவர்கள் டிமோலால் போடும் முன் டாக்டரிடம் அதைக் கட்டாயம் சொல்லிவிட வேண்டும். மூச்சைப் பிடிக்கும். மாவுத் தூசியில் வருடக் கணக்காக இருமிக்கொண்டிருக்கும் நம்மவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் ஒவ்வொருவருக்கும் இத்தனைக்குள் அழுத்தம் இருக்க வேண்டும் என்று ஒரு எல்லை வைப்பார். சில மாதத்துக்கு ஒரு முறை போய் அந்த எல்லைக்குள் இருக்கிறதா என்று அளந்து வர வேண்டும். இப்படி அளக்கிற வேலையைப் பக்கத்து ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட் செய்து டாக்டருக்குச் சொல்லிவிடலாம்.

இங்கே நம் உறுப்பினர்களில் சிலருக்குக் கசப்பான ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்தாலும், மல்லி, மஞ்சள் தூள் அளந்தாலும் கண் எரியும், சிவக்கும். உடனே மெடிக்கல் ஷாப்புக்குப் பையனை அனுப்பி, 'கண் எரிச்சலுக்கு ஒரு சொட்டு' வாங்கி வரச் சொல்கிறோம். கொடுப்பது பல நேரம் டெக்ஸாமெத்தசோனோ பீட்டாமெத்தசோனோ கலந்த ஸ்டீராய்டு சொட்டு. பத்து நிமிடத்தில் கண் குளிர்ந்துவிடும், அதனால் அடுத்த முறையும் அதே பாட்டில்தான். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இதைப் போட்டால் பலருக்குக் கண் அழுத்தம் ஏறும், கிளாகோமாவே வந்துவிடும். புரையும் சீக்கிரம் வரும். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து இது என்பது மருந்து வணிகர்களுக்கு நன்றாகவே தெரியும். மருந்து வணிகர்களும், கண்ணாடிக் கடைக்காரர்களும், மளிகைக்காரர்களும் ஒரே இனம்தான். ஆனாலும் பக்கத்துக் கடைக்காரரின் கண்ணைக் கெடுக்கும் வியாபாரத்தை வியாபாரம் என்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. தூள் பட்டால் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். மருந்துக் கடைக்காரர் சீட்டு கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கண்ணாடிக் கடை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இலவசப் பரிசோதனை போர்டை எடுக்கச் சொல்லவில்லை. நாற்பது வயதைத் தாண்டியவருக்கு அழுத்தமும் நரம்பும் இங்கே பார்க்கப்படுகிறதா இல்லையா என்பதை அதே போர்டில் எழுதி வையுங்கள். கருவி வாங்கும் முதல் இல்லாத கடைக்காரர், 'பவர் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், மற்றதை ஆஸ்பத்திரியில் பாருங்கள்' என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போதும். இங்கிலாந்தில் தாய் தந்தை, உடன்பிறந்தவர், பிள்ளை இவர்களில் யாருக்காவது கிளாகோமா இருந்தால், நாற்பது வயது முதல் கண் பரிசோதனைக் கட்டணத்தை அரசே ஏற்றுக்கொள்கிறது. நம் அரசு அந்த நிலைக்கு வரும் வரை நம் வாய் வார்த்தையாவது இலவசமாக இருக்கட்டும்.

முகாம்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். கோயில் திருவிழாவை ஒட்டியும், தலைவர்கள் பிறந்த நாளிலும் கண் சிகிச்சை முகாம் நடத்துவது நல்ல காரியமே. புரையால் பார்வை இழந்த எத்தனையோ முதியவர்களை அவை மீட்டிருக்கின்றன. ஆனால் பந்தலுக்கு அடியில், ஒரு காலையில் சில நூறு பேரைப் பார்க்கும் இடத்தில் புரை கண்ணில் படும். கிளாகோமா படுவது கடினம். இருட்டறை வேண்டும், பாப்பா விரிய நேரம் வேண்டும், பிறகு ஆண்டுக் கணக்கில் தொடர்ந்து பார்க்க வேண்டும். முகாமோ அன்று மாலையே பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விடும். இதை உணர்ந்துதான் அரவிந்த் 2004 முதல் கிராமப்புறங்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தது. பயிற்சி பெற்ற ஊழியர் ஸ்லிட் லாம்ப் வைத்துப் பார்த்து, ஆஸ்பத்திரி டாக்டரிடம் வீடியோவில் பேச வைக்கும் முறை அது. டாக்டர் ஜி. வெங்கடசாமி மதுரையில் 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்த ஆஸ்பத்திரி, நம் புதுச்சேரியில் வாழ்ந்த ஸ்ரீஅரவிந்தரின் பெயரைத் தாங்கியது என்பது நமக்கு ஒரு சிறு பெருமை. 2003 முதல் தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலேயே அவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. பாகூர்க்காரர்கள் புதுச்சேரிக்குப் போகும் வழியில்தான் அது. வில்லியனூர்க்காரர்களுக்குக் கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. தூரம் ஒரு காரணம் என்று நம் இரு கொம்யூன்களும் சொல்லிக்கொள்ள முடியாது.

ஆகவே சங்கத்தின் கிளை நிர்வாகிகளுக்கு நாம் வைக்கும் யோசனை இது. அடுத்த செயற்குழுவில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வயதைக் கடந்த உறுப்பினர்களின் பட்டியலைத் தயார் செய்து, வீட்டில் யாருக்காவது கண் அழுத்த நோய் இருந்ததா, சர்க்கரை உண்டா, கண்ணுக்கு ஸ்டீராய்டு சொட்டு போட்டதுண்டா என்ற விவரத்தை அதில் குறியுங்கள். ஆஸ்பத்திரியோடு பேசி, வாரம் பத்துப் பேர் என்று நாள் குறித்து வாங்குங்கள். ஒரே நாளில் எல்லோரையும் வேனில் ஏற்றிப் போய் படம் எடுத்துக்கொள்ளும் வேலை வேண்டாம். நோய் உறுதியானவர்கள் பெயருக்கு எதிரே அடுத்த பரிசோதனைத் தேதியை எழுதி வைத்து, சந்தா வசூலிக்கப் போகும்போது அதையும் கேளுங்கள். சந்தா பாக்கியைக் கேட்க நாம் வெட்கப்படுவதில்லை. சொட்டு மருந்து பாக்கியைக் கேட்கவும் வெட்கப்பட வேண்டியதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் பெண்களையும் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். கடை அவர் பெயரில் இல்லை என்பதால் கண்ணும் அவருடையது இல்லை என்று ஆகிவிடாது.

பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. பாப்பாவை விரிக்கும் சொட்டு விட்டால் நாலைந்து மணி நேரம் கிட்டத்து எழுத்து மங்கும், வெயில் கூசும். அன்றைக்குப் பேரேடு பார்க்க முடியாது, ஸ்கூட்டரும் ஓட்டக் கூடாது. பஸ்ஸில் போய் வாருங்கள். உடன்பிறந்த அண்ணனையோ தம்பியையோ துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவருக்கும் அங்கேயே பார்த்துவிடலாம்.